திமிங்கலத்தின் கணுக்கால்: பரிணாமச் சான்றுகளை எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாக வைத்துவிடுகிறேன். சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளியிலும் தொடக்கக் கல்லூரியிலும் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வார இறுதியில் உயிரியல் டியூஷன் எடுக்கிறீர்கள். பரிணாமப் பாடம் வந்ததும் சிலர் மனப்பாடம் செய்து எழுதிவிட்டுப் போகிறார்கள், சிலர் "இதையெல்லாம் யார் பார்த்தது?" என்று கேட்கிறார்கள். ஒரு தகப்பனார், "குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் மெக்ரிட்ச்சிக் காட்டில் இன்னும் ஏன் குரங்கு இருக்கிறது? சாமி கும்பிடுகிற பிள்ளைக்கு இதையெல்லாம் சொல்லித்தர வேண்டுமா?" என்று கேட்டாராம். சான்றுகளை எந்த வரிசையில், எப்படி, எவ்வளவு நேரத்தில் சொல்வது என்பது உங்கள் கேள்வி.

தொடக்கக் கல்லூரியில் நெடுநாள் உயிரியல் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இயற்கைத் தேர்விலிருந்து, அதாவது சூழலுக்குப் பொருந்தியவை கூடுதலாகப் பிழைத்துப் பெருகுவதிலிருந்து, தொடங்காதீர்கள். உறவிலிருந்து தொடங்குங்கள்.

காரணம் இது. பரிணாமம் என்ற ஒரே பெயரின் கீழ் இரண்டு கூற்றுகள் இருக்கின்றன. உயிர்கள் எல்லாம் ஒரே மூதாதை வழியில் வந்த உறவினர் என்பது ஒன்று. அந்த மாற்றங்கள் எப்படி நடந்தன, அதில் இயற்கைத் தேர்வின் பங்கு என்ன என்பது இன்னொன்று. நம் பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் முதலில் கேட்கிறார்கள். கலாபகஸ் தீவுகளில் பீட்டர் கிரான்ட், ரோஸ்மேரி கிரான்ட் தம்பதியர் 1973 முதல் அளந்த குருவிகள், 1977 வறட்சியில் பெரிய அலகுள்ளவை கூடுதலாகப் பிழைத்தது, அடுத்த தலைமுறையின் சராசரி அலகு பெரிதானது. அருமையான ஆய்வுதான். ஆனால் அதைக் கேட்ட பிள்ளை, "சரி, அலகு கொஞ்சம் பெரிதானது. அதற்காக மீனும் நானும் உறவு என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்கும். நியாயமான கேள்வி. அலகுக் கதையில் அதற்குப் பதில் இல்லை. உறவுக்கான சான்று தனி, அதைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. ஒவ்வொரு சான்றையும் சொல்லும்போது, "இந்தக் கருத்து தவறாக இருந்திருந்தால் நாம் எதைக் கண்டிருப்போம்?" என்று கேளுங்கள். பாடநூலில் புதைபடிவம், உடலமைப்பு, கரு வளர்ச்சி, டிஎன்ஏ, உயிரிகளின் பரவல் என்று தலைப்புகள் வரிசையாக இருக்கும். பிள்ளைகள் அவற்றை ஐந்து தனித்தனித் தகவல்களாக மனப்பாடம் செய்கிறார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத அந்த வழிகள் எல்லாம் ஒரே குடும்ப மரத்தைக் காட்டுகின்றன என்பதில்தான் சான்றின் வலிமை இருக்கிறது. அதைக் காட்ட, ஐந்து தலைப்புக்கு ஐந்து உதாரணம் சொல்வதைவிட, ஒரே விலங்கை எடுத்துக்கொண்டு எல்லாத் திசையிலிருந்தும் பார்ப்பது நல்லது.

நமக்கு அந்த விலங்கு கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. 2015 ஜூலையில் ஜூரோங் தீவுக்கு அருகே கடலில் ஒரு ஸ்பெர்ம் திமிங்கலம் இறந்து மிதந்தது. 10.6 மீட்டர் நீளமுள்ள பெண் திமிங்கலம். நாட்டின் பொன்விழா ஆண்டு என்பதால் அதற்கு ஜூபி லீ என்று பெயர் வைத்தார்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் உள்ள லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் அதன் எலும்புக்கூடு தொங்குகிறது. அங்கே போகும் பிள்ளைகள் நேராக டைனோசர்களிடம் ஓடுவார்கள். ஓடட்டும். அப்புறம் திமிங்கலத்தின் அடியில் கொண்டுவந்து நிறுத்துங்கள்.

முதலில் துடுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே ஒரு எலும்பு, அடுத்து இரண்டு, பிறகு மணிக்கட்டுச் சிற்றெலும்புகள், பிறகு ஐந்து விரல்கள். அவரவர் கையைத் தடவிப் பார்த்து ஒப்பிடட்டும். நீந்துவதற்குத் துடுப்பு வேண்டும் என்பது சரி, ஆனால் நீந்துவதற்கு விரல் எலும்புகள் தேவையில்லை. சுறாவின் துடுப்பில் இந்த அமைப்பு இல்லை, அது நன்றாகவே நீந்துகிறது. பிறகு முதுகெலும்பு. மீன் உடலைப் பக்கவாட்டில் வளைத்து நீந்தும். திமிங்கலம் மேலும் கீழும் வளைத்து நீந்தும், நாலுகால் பாய்ச்சலில் ஓடும் பாலூட்டியின் முதுகு வளைவதைப் போலவே. பிறகு இடுப்பு. திமிங்கலங்களுக்கு முதுகெலும்போடு ஒட்டாமல், தசைக்குள் புதைந்த சிறிய இடுப்பெலும்புகள் உண்டு.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. இதை "பயனற்ற எலும்பு" என்று சொல்லிவிடாதீர்கள். பல நோட்டுகளில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அந்த எலும்புகளில் இனப்பெருக்க உறுப்புகளை இயக்கும் தசைகள் பிடித்திருக்கின்றன, அவற்றுக்கு வேலை உண்டு. அவை விட்டது காலைத் தாங்கும் பழைய வேலையை மட்டும்தான். கெட்டிக்காரப் பிள்ளை பின்னால் எங்காவது அந்த எலும்புக்குப் பயன் உண்டு என்று படித்துவிட்டால், நீங்கள் சொன்ன மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்படும்.

டால்ஃபின் கருவில் பின்னங்கால் மொட்டுகள் முளைத்து, சில வாரங்களில் மறைந்துவிடுகின்றன. 2006ல் ஜப்பானில் தைஜி கடற்பகுதியில் பிடிபட்ட ஒரு டால்ஃபினுக்குப் பின்பக்கம் கூடுதலாக ஒரு ஜோடித் துடுப்பு இருந்தது. நிலத்தில் நடந்த மூதாதை இல்லாத ஒரு விலங்கின் கருவில் கால் முளைத்து மறைய வேண்டிய அவசியம் என்ன?

இனி வருவதுதான் இந்தக் கதையின் சிறந்த பகுதி. இதற்கு ஒரு முழு வகுப்பையே ஒதுக்கலாம்.

திமிங்கலத்தின் மூதாதை நிலத்தில் வாழ்ந்த பாலூட்டி என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எந்தப் பாலூட்டி என்பதில்தான் தகராறு. எலும்பு ஆய்வாளர்களில் பலர், பற்களின் ஒற்றுமையை வைத்து, மெசோனிக்கிட் என்ற அழிந்துபோன இறைச்சியுண்ணிக் கூட்டத்தைச் சுட்டினார்கள். 1990களில் டிஎன்ஏ ஆய்வாளர்கள் வேறு பதில் சொன்னார்கள். இன்றுள்ள விலங்குகளில் திமிங்கலத்துக்கு மிக நெருங்கிய உறவு நீர்யானை என்றார்கள். ஜப்பானில் நொரிஹிரோ ஒக்காடாவின் குழு, மரபணுத் தொகுதிக்குள் தற்செயலாகப் போய்ச் செருகிக்கொள்ளும் சிறு டிஎன்ஏ துண்டுகளைத் தேடியது. அதே துண்டு, அதே இடத்தில், திமிங்கலத்திலும் நீர்யானையிலும் இருந்தது. தற்செயலான செருகல் இரண்டு விலங்குகளில் தனித்தனியாக ஒரே இடத்தில், அதுவும் திரும்பத் திரும்ப நிகழ வாய்ப்பு மிகக் குறைவு. பொதுவான மூதாதையிடமிருந்து வந்தது என்றால்தான் பொருந்துகிறது.

எலும்புக்காரர்கள் எளிதில் ஏற்கவில்லை. நீர்யானை, ஆடு, மாடு, மான், பன்றி, ஒட்டகம் எல்லாம் இரட்டைப்படைக் குளம்பிகள் என்ற ஒரே கூட்டம். அவற்றின் கணுக்காலில் ஓர் எலும்பு உண்டு. மேல்முனையிலும் கீழ்முனையிலும் கப்பி வடிவம். பெரும்பாலான பாலூட்டிகளுக்கு மேல்முனையில் மட்டும்தான் கப்பி இருக்கும். இரண்டு முனையிலும் கப்பி இருப்பது இந்தக் கூட்டத்தின் அடையாளம். ஆகவே சோதனை தெளிவானது. டிஎன்ஏ சொல்வது சரியென்றால், கால் இருந்த காலத்துத் திமிங்கலத்தின் கணுக்காலில் இரட்டைக் கப்பி இருந்தாக வேண்டும். இல்லையென்றால் டிஎன்ஏ முடிவில் ஏதோ கோளாறு. பழங்காலத் திமிங்கலத்தின் முழுக் கணுக்கால் எலும்பு அதுவரை யார் கையிலும் தெளிவாகக் கிடைத்திருக்கவில்லை.

2001ல் கிடைத்தது. பாகிஸ்தானில் தோண்டிய இரண்டு தனித்தனிக் குழுக்கள், ஃபிலிப் ஜிஞ்சரிச் குழுவும் ஹான்ஸ் தெவிசன் குழுவும், ஒரே சமயத்தில் வெளியிட்டன. ஏறத்தாழ 5 கோடி ஆண்டை ஒட்டிய திமிங்கலங்கள். கணுக்காலில் இரட்டைக் கப்பி. ஜிஞ்சரிச் அதுவரை மெசோனிக்கிட் பக்கம் நின்றவர். எலும்பைப் பார்த்ததும் கருத்தை மாற்றிக்கொண்டார்.

"யார் பார்த்தது?" என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. 5 கோடி ஆண்டுக்கு முன் நடந்ததை யாரும் நின்று பார்க்கவில்லை. ஆனால் உயிருள்ள விலங்குகளின் டிஎன்ஏவை ஒருவர் படித்து, பாறைக்குள் இருக்கும் எலும்பின் வடிவம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வர முடிந்தது. இன்னொருவர் தோண்டி எடுத்தபோது அப்படியே இருந்தது. அது பொய்த்திருக்க முடியும். பொய்க்கவில்லை.

அந்த எலும்பை நீங்கள் கையில் கொண்டுபோகலாம். தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சி விற்பவரிடம் பின்னங்கால் மூட்டு எலும்பு வேண்டும் என்று கேளுங்கள். ஆட்டின் பின்னங்காலில் முழங்கால் பின்பக்கம் மடங்குவது போலத் தெரிகிறதே, அது உண்மையில் கணுக்கால். அங்கே இருக்கும். வேகவைத்துச் சுத்தம் செய்து, வெயிலில் காயவைத்து, பழங்காலத் திமிங்கலக் கணுக்காலின் படத்தோடு மேசையில் வையுங்கள். சைவக் குடும்பத்துப் பிள்ளைகள் தொடத் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம், ஆட்டெலும்பின் படமும் போதும்.

நம்மவர்களுக்கு ஆர்வமூட்டும் ஒரு சேர்க்கை: ஜம்மு காஷ்மீரில் கலாகோட் பகுதியில் இந்தியப் புவியியலாளர் ரங்கா ராவ் சேகரித்து வைத்திருந்த பாறைகளிலிருந்துதான் இந்தோஹயஸ் வெளிவந்தது. பூனை அளவுள்ள, சிறு மான் போன்ற விலங்கு. காதெலும்பு மட்டும் திமிங்கலங்களுக்கே உரிய தடிப்போடு இருந்தது. 2007ல் தெவிசன் குழு இதை வெளியிட்டது. இது திமிங்கலத்தின் நேர் மூதாதை அல்ல, மூதாதைக்கு நெருங்கிய கிளை. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விடாதீர்கள். எகிப்தில் பாலைவனத்தில் கிடைத்த பசிலோசாரஸ் முழுக்கக் கடல்வாசி, ஆனாலும் முட்டியும் விரல்களும் உள்ள குட்டிப் பின்னங்கால்கள் அதற்கு இருந்தன. மூக்குத்துளை முகத்தின் நுனியிலிருந்து படிப்படியாக உச்சந்தலைக்கு நகர்வதையும் இந்தப் புதைபடிவ வரிசையில் காணலாம். ஜூபி லீயின் இனத்தைப் போன்ற பல்லுள்ள திமிங்கலங்களின் டிஎன்ஏவில் மோப்ப மரபணுக்கள் பெரும்பாலும் உடைந்து கிடக்கின்றன. நிலத்தில் காற்றை முகர்ந்த காலத்தின் மிச்சம்.

மீனிலிருந்து நாலுகால் விலங்கு எப்படி வந்தது என்று கேட்டால் டிக்டாலிக் என்ற புதைபடிவ மீனைச் சொல்லுங்கள். எந்த வயதுப் பாறையில் தேட வேண்டும் என்று முதலில் கணக்குப் போட்டு, கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் சில ஆண்டுகள் தேடி, 2004ல் கண்டெடுத்தார்கள். வயது 37.5 கோடி ஆண்டு. சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் பிள்ளைகள் பார்க்கும் சேற்றுமீனை இதற்கு உதாரணமாகக் காட்டுவது வழக்கம். காட்டலாம், ஆனால் அது இன்றைய மீன், நம் மூதாதை அல்ல என்று சேர்த்துச் சொல்லுங்கள். மீன் ஒன்று தரையில் எப்படிச் சமாளிக்கலாம் என்பதற்கு மட்டுமே அது உதாரணம்.

அடுத்து, இடம். இதில் சிங்கப்பூருக்கு ஒரு தனிப் பெருமை உண்டு, அதை நாம் போதுமான அளவு சொல்வதில்லை. ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1854 ஏப்ரலில் சிங்கப்பூரில் வந்து இறங்கினார். புக்கிட் தீமாவில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியாரோடு தங்கி, சுமார் இரண்டு மாதத்தில் 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். அடுத்த ஆண்டே சரவாக்கிலிருந்து எழுதிய கட்டுரையில், ஒவ்வொரு புதிய இனமும் தனக்கு நெருங்கிய இனம் முன்பே இருந்த இடத்துக்கும் காலத்துக்கும் அருகில்தான் தோன்றியிருக்கிறது என்றார். 1858ல் அவர் கட்டுரையும் டார்வினின் எழுத்தும் லண்டனில் ஒன்றாக வாசிக்கப்பட்டன. டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவில் அவர் பெயரில் ஒரு பாதை இருக்கிறது. ஒரு காலை நேரம் அதற்குப் போதும்.

வாலஸ் 1856ல் பாலியிலிருந்து லொம்போக்குக்குக் கடந்தார். நடுவில் குறுகிய ஜலசந்திதான், தட்பவெப்பமும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் பாலியில் இருந்த குக்குறுவான் பறவைகள் லொம்போக்கில் இல்லை, லொம்போக்கில் இருந்த காக்கட்டூ கிளிகள் பாலியில் இல்லை. பனியுகத்தில் கடல்மட்டம் 120 மீட்டர் வரை தாழ்ந்திருந்தபோது சிங்கப்பூர், சுமத்ரா, போர்னியோ, ஜாவா, பாலி எல்லாம் ஒரே நிலமாக இருந்தன. லொம்போக் ஜலசந்தி மட்டும் ஆழமானது, அது வற்றவே இல்லை. உயிரினங்களின் எல்லை அந்தப் பழைய நிலத்தின் எல்லையோடு ஒத்துப்போகிறது.

இங்கே ஒரு பிள்ளை கையைத் தூக்கி, "சார், செந்தோசாவில் காக்கட்டூ பறக்கிறதே?" என்று கேட்டால் மகிழ்ச்சி அடையுங்கள். அவை தனிம்பார் தீவுகளின் காக்கட்டூக்கள். கூண்டுப் பறவைகளாக வந்து, தப்பி, இங்கே குஞ்சு பொரித்துப் பெருகியவை. இது வாலஸின் கருத்துக்கு எதிரான சான்று அல்ல, ஆதரவான சான்று. நம் வெயிலும் மழையும் மரங்களும் காக்கட்டூவுக்கு நன்றாகவே ஒத்துப்போகின்றன. அப்படியானால் முன்பு ஏன் இங்கே இல்லை? சூழல் ஒவ்வாததால் இல்லை என்று சொல்ல முடியாது. அவற்றின் மூதாதையர் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள், கடக்கவில்லை, அவ்வளவுதான். ஒவ்வோர் உயிரும் அந்தந்த இடத்துக்கு ஏற்றபடி தனித்தனியாக வைக்கப்பட்டிருந்தால் இப்படி ஒரு கோடு விழ வேண்டியதில்லை.

மனிதன் பக்கம் இப்போது வரலாம். சைட்டோகுரோம் சி என்ற புரதம் 104 அமினோ அமிலங்களின் சங்கிலி. நமக்கும் சிம்பன்சிக்கும் ஒரு வேறுபாடும் இல்லை. ரீசஸ் குரங்கோடு ஒன்று. குதிரையோடு 12. இந்த உயிர்கள் எல்லாவற்றிலும் அது செய்யும் வேலை ஒன்றே. வேலைக்காக இந்த வரிசை அமைந்தது என்று சொல்ல முடியாது, உறவின் தூரத்தைத்தான் அது காட்டுகிறது. வரிசைகளை அச்சிட்டுக் கொடுத்து, பிள்ளைகளையே எண்ணவிடுங்கள். நீங்கள் முடிவைச் சொல்லாதீர்கள்.

அதன் பிறகு குரோமோசோம், மரபணுக்களைச் சுமக்கும் இழை. பெரிய வாலில்லாக் குரங்குகளுக்கு 48, நமக்கு 46. "ஒரு ஜோடி எங்கே போனது?" என்று வகுப்பைக் கேளுங்கள். ஒரு முழு ஜோடி காணாமல் போயிருந்தால் அதிலிருந்த மரபணுக்கள் எல்லாம் இல்லாமல் உயிர் தரிக்காது. உறவு உண்மையென்றால் இரண்டு குரோமோசோம்கள் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டியிருந்தால் எங்கே என்ன தெரிய வேண்டும்? குரோமோசோமின் நுனியில் மட்டும் இருக்கும் டெலோமியர் வரிசை, ஒட்டிய இடத்தில், அதாவது உள்ளே இருக்க வேண்டும். ஒவ்வொரு குரோமோசோமுக்கும் ஒன்று என்று இருக்கும் இடுப்புப் பகுதியான சென்ட்ரோமியர் இரண்டு இருந்த அடையாளம் வேண்டும். இதைப் பிள்ளைகளே யோசித்துச் சொல்வார்கள். பிறகு சொல்லுங்கள்: மனிதனின் 2ஆம் குரோமோசோமின் உள்ளே, நுனிக்கு நுனி ஒட்டிய டெலோமியர் வரிசையை 1991ல் கண்டார்கள். செயலிழந்த இரண்டாவது சென்ட்ரோமியரின் மிச்சமும் இருக்கிறது. தாங்களே ஊகித்தது அப்படியே இருப்பதைக் கேட்கும்போது வகுப்பின் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

அந்தத் தகப்பனாரின் குரங்குக் கேள்விக்கு வருகிறேன். நம் பிள்ளைகளுக்குப் பெரிய தடை மதம் என்று பலரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அதைவிடப் பெரிய தடை ஏணி. ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை அடுக்குவது தொல்காப்பிய மரபியலிலேயே இருக்கிறது. புலன்களைக் கவனித்து வகைப்படுத்திய அழகான முயற்சி, அதைப் பிள்ளைகளுக்குப் பெருமையோடு சொல்லலாம். ஆனால் அது வகைப்பாடு, வம்சாவளி அல்ல. அந்த அடுக்கை மனத்தில் வைத்துக்கொண்டு பரிணாமத்தைக் கேட்கும் பிள்ளை, புழு மீனாகி, மீன் குரங்காகி, குரங்கு மனிதனாகி, உச்சியில் நாம் நிற்கிறோம் என்று புரிந்துகொள்கிறது. குரங்கு குனிந்து நடந்து நிமிர்ந்து மனிதனாகும் அந்தப் பிரபலமான படமும் இதையே உறுதிப்படுத்துகிறது. அதைத் தயவுசெய்து காட்டாதீர்கள்.

தகப்பனாரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "ஐயா, உங்கள் தாத்தா தஞ்சாவூரிலிருந்து சிங்கப்பூர் வந்தார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் இங்கே இருப்பதால் ஊரில் பங்காளிகள் இல்லாமல் போய்விட்டார்களா? அந்தப் பங்காளிதான் உங்கள் தாத்தாவா?" மெக்ரிட்ச்சிக் குரங்கு நமக்குத் தாத்தா அல்ல, தூரத்துப் பங்காளி. நமக்கும் அதற்கும் பொதுவான மூதாதை ஒன்று இருந்தது. அது இன்றைய குரங்கும் அல்ல, மனிதனும் அல்ல. ஊரில் இருப்பவர்களும் இத்தனை ஆண்டில் மாறித்தானே இருக்கிறார்கள்? அதுபோலக் குரங்கின் கிளையும் நம் கிளையைப் போலவே இத்தனை காலமும் மாறிக்கொண்டுதான் வந்திருக்கிறது. இதற்குப் பின் வகுப்பில் ஏணிப் படத்தை விட்டுவிட்டு, கிளை பிரியும் மரத்தை மட்டும் வரையுங்கள். மனிதனை வலதுகோடியில் வைக்காமல் நடுவில் எங்காவது வையுங்கள். கிளைகளைத் திருப்பினாலும் உறவு மாறாது என்பது பிள்ளைகளுக்குப் புரியும்.

நம் காட்டிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. ராஃபிள்ஸ் பட்டை லங்கூர் என்ற இலை தின்னும் கறுப்புக் குரங்கு சிங்கப்பூரில் நூறுக்கும் குறைவாகவே இருக்கிறது. காட்டில் அவற்றின் எச்சத்தைப் பொறுக்கி டிஎன்ஏ எடுத்துப் பார்த்ததில், ஒரே இனத்தின் உட்பிரிவுகள் என்று கருதப்பட்ட மூன்று கூட்டங்கள் மூன்று தனி இனங்கள் என்று 2020ல் வெளியானது. தோற்றத்தில் அவ்வளவு வேறுபாடு இல்லை. கிளைகள் எப்போதோ பிரிந்துவிட்டன.

இப்போதுதான் இயற்கைத் தேர்வு. இங்கே பிள்ளைகளின் பிழை ஒன்றே ஒன்று: தேவைப்பட்டதால் மாறியது என்று நினைப்பது. தொடக்கப்பள்ளியில் தகவமைப்பு படித்த பழக்கம் அது. கிருமி ஆன்டிபயாடிக்கைச் சமாளிக்கக் கற்றுக்கொண்டது என்று எழுதுவார்கள். எஸ்தர் லெடர்பெர்க்கும் ஜோஷுவா லெடர்பெர்க்கும் 1952ல் செய்த சோதனையைச் சொல்லுங்கள். மருந்தே படாத தட்டில் பாக்டீரியாவை வளர்த்தார்கள். வெல்வெட் துணியை அதன்மேல் ஒற்றி, மருந்து கலந்த பல தட்டுகளில் பதித்தார்கள். எல்லாத் தட்டுகளிலும் ஒரே இடத்தில்தான் கிருமி பிழைத்து வளர்ந்தது. முதல் தட்டுக்குத் திரும்பிப் போய் அதே இடத்திலிருந்து எடுத்துப் பார்த்தால், மருந்தைக் கண்டே இராத அந்தக் கிருமிகளில் எதிர்ப்பு ஏற்கெனவே இருந்தது. மாற்றம் முதலில், தேர்வு பிறகு. இந்தச் சோதனையைச் சொந்தமாக வரைந்து விளக்கத் தெரிந்த பிள்ளை, பரீட்சையில் அந்தப் பிழையைச் செய்யாது.

கோவிட் அவர்கள் வாழ்ந்து பார்த்தது. 2021ல் டெல்டா, அந்த ஆண்டு முடிவில் ஓமிக்ரான் என்று கிளைகள் ஒன்றையொன்று ஓரங்கட்டியதை மரபணு வரிசையை வைத்து வாரம் வாரமாக உலகமே பின்தொடர்ந்தது. நீண்ட விளக்கம் தேவையில்லை, மரப்படத்தைக் காட்டினால் போதும்.

மனிதரில் உதாரணம் கேட்டால் நீலகிரி. அங்குள்ள பழங்குடியினரிடம் ரத்தச் சிவப்பணுவை அரிவாள் வடிவமாக்கும் அரிவாள் செல் மரபணு இருப்பது 1952ல் தெரியவந்தது. ஒரு பிரதி இருந்தால் கடுமையான மலேரியாவிலிருந்து பாதுகாப்பு, இரண்டு பிரதி இருந்தால் நோய். மலேரியா உள்ள நிலத்தில்தான் அந்த ஒரு பிரதிக்கு மதிப்பு. சிங்கப்பூர் 1982ல் மலேரியா ஒழிந்த நாடாக அறிவிக்கப்பட்டது, இங்கே அதனால் லாபம் இல்லை. இங்கே பலர் குடும்பத்தில் கேள்விப்பட்டிருக்கும் தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகையும் ஏறத்தாழ இதே வகைதான். சிறந்த மரபணு என்று பொதுவாக எதுவும் இல்லை, சூழலைப் பொறுத்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

சாமி கும்பிடும் பிள்ளை பற்றி. "நீ இதை நம்புகிறாயா?" என்று யாரையும் ஒருபோதும் கேட்காதீர்கள். "இந்த எலும்பு எதைக் காட்டுகிறது? இதற்கு வேறு விளக்கம் இருந்தால், அது எதை எதிர்பார்க்கும்?" என்று மட்டும் கேளுங்கள். இந்து, கிறிஸ்துவ, முஸ்லிம் பிள்ளைகள் ஒரே மேசையில் உட்காரும் ஊர் இது. வீட்டின் நம்பிக்கையை மதிப்பிடுவது உயிரியல் ஆசிரியரின் வேலை அல்ல, சான்றை நீர்க்கச் செய்வதும் அவர் வேலை அல்ல. கத்தோலிக்கப் பிள்ளை கேட்டால், பரிணாமம் வெறும் ஊகத்துக்கு மேற்பட்டது என்று போப் இரண்டாம் ஜான் பால் 1996ல் சொன்னதைக் குறிப்பிடலாம். நம் வீட்டுப் பிள்ளைகள் தசாவதாரத்தையோ, புல்லாகிப் பூடாகிப் பிறந்து வருவதைச் சொல்லும் சிவபுராணத்தையோ கொண்டுவருவார்கள். கேலி செய்யாதீர்கள், சான்றாகவும் ஏற்காதீர்கள். அங்கே ஓர் உயிர் பல பிறவி எடுக்கிறது. பரிணாமத்தில் எந்த ஓர் உயிரும் வேறோர் உயிராக மாறுவதில்லை, தலைமுறைகள் செல்லச் செல்ல ஒரு கூட்டத்தின் தன்மை மாறுகிறது. பேசும் பொருளே வேறு. இதை அன்போடு சொன்னால் பிள்ளைகள் ஏற்றுக்கொள்கிறார்கள், பாட்டியிடம் போய்ச் சண்டையும் போடுவதில்லை.

2023ல் இந்தியாவில் தேசியப் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டி 10ஆம் வகுப்புப் பாடநூலிலிருந்து பரிணாமப் பகுதியை நீக்கியபோது 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். உறவினர்கள் அதைச் சொல்லி, "அங்கேயே எடுத்துவிட்டார்களே" என்று உங்களிடம் கேட்கக்கூடும். 12ஆம் வகுப்பு உயிரியலில் அது அங்கேயும் இருக்கிறது. இங்கே தொடக்கக் கல்லூரியின் ஹெச்2 உயிரியல் பாடத்திட்டம் பரிணாமத்தை மையக் கருத்துகளில் ஒன்றாகவே வைத்தது. மருத்துவமோ உயிரியலோ படிக்க நினைக்கும் பிள்ளைக்கு இதைத் தவிர்க்க வழியில்லை.

நேரம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நான்கு வகுப்பு கிடைத்தால் திமிங்கலத்துக்கு இரண்டு, டிஎன்ஏவும் குரோமோசோமும் ஒன்று, லெடர்பெர்க் சோதனையும் கோவிடும் ஒன்று. அரும்பொருளகமும் டெய்ரி ஃபார்மும் பள்ளி விடுமுறையில் போகலாம், பெற்றோரையும் அழைத்துக்கொள்ளுங்கள், அந்தத் தகப்பனாரையும்தான். அரும்பொருளகத்துக்கு முன்பதிவு தேவையா என்று கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். ஒரே ஒரு வகுப்புதான் கிடைக்கும் என்றால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆட்டின் கணுக்கால் எலும்பை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். டிஎன்ஏ சொன்னதை முதலில் சொல்லி, எலும்பு எப்படி இருக்க வேண்டும் என்று பிள்ளைகளைத் தாளில் வரையச் சொல்லி, அதன் பிறகு படத்தைக் காட்டுங்கள்.